பலமுள்ள இடத்தில் பிடி

எங்களைப் பெட்டி செய்கிறவர்கள் என்பார்கள். பெட்டியைவிட, பெட்டியின் சுவருக்கும் பொருளுக்கும் நடுவே இருக்கும் இடம்தான் எங்கள் வேலை. அந்த இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது, எங்கே நிரப்புவது, எந்த இடத்தைக் காலியாக விடுவது என்று முடிவு செய்வதற்குத்தான் பேக்கேஜிங் டிசைனர் என்று ஒருவர் வேண்டியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் நான் அந்த வேலையில் இருக்கிறேன். வருஷம் முழுக்கக் கார் உதிரிபாகங்களுக்கான அட்டைப்பெட்டி, ஃபோம் இன்சர்ட், டிரே. ஆடி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் கொலு பொம்மைகள். கம்பெனி வேலைக்குச் சம்பளம் உண்டு. பொம்மை வேலையை ஆசைப்பட்டுச் செய்கிறேன். இரண்டிலும் நான் கற்றது ஒரே பாடம்தான். அதை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

விளக்கு சொல்லிக்கொடுத்தது

1996-ல் ஹூண்டாய் நிறுவனம் இங்கே வந்தது. 1998-ல் முதல் சான்ட்ரோ சந்தைக்கு வந்தது. அதற்குப் பிறகு பெங்களூரு நெடுஞ்சாலையின் இரு பக்கமும், அங்கிருந்து ஒரகடம் வரைக்கும், ஊரே மாறிவிட்டது. கார்கள் வரிசையாக லாரியேறித் துறைமுகத்துக்குப் போவதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அந்தக் காரின் விளக்கும், கண்ணாடியும், டேஷ்போர்டும் ஒரு கீறல் இல்லாமல் ஒரு தொழிற்சாலையிலிருந்து இன்னொரு தொழிற்சாலைக்கு வந்து சேர்வதன் பின்னால் இருக்கும் உழைப்பு கண்ணில் படாது. கண்ணில் படாமல் இருந்தால்தான் நாங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறோம் என்று பொருள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலாளர் ஒரு ஹெட்லேம்ப்பைக் கையில் கொடுத்து, "இதை எங்கே பிடிப்பே, சொல்லு" என்றார். அதன் முகம் பாலிகார்பனேட். கீறல் விழாமலிருக்க மேலே ஒரு பூச்சு இருக்கும். இருந்தாலும் தூசி ஒட்டிய ஃபோமில் பட்டு வழியெல்லாம் உரசிக்கொண்டே வந்தால் மங்கிப்போகும். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால், காரின் உடம்போடு போல்ட் போட்டு மாட்டுவதற்கான காதுகள் இருக்கும். கார் ஓடுகிற காலமெல்லாம் குலுக்கலைத் தாங்கவேண்டியவை அவை. அதனால் டிரேயிலும் விளக்கை அந்தக் காதுகளில்தான் உட்கார வைக்கிறோம். முகத்துக்கு முன்னால் வெறும் காற்றுதான். பொருளைச் செய்தவர் எந்த இடத்தைப் பலமாகச் செய்தாரோ அங்கே பிடி, மற்ற இடங்களை விட்டுவிடு. இதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம். இன்றுவரை இதற்கு மேலான ஒன்றை நான் கற்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருப்பவர்கள் இதே பாடத்தைச் சாலையிலேயே பார்க்கலாம். சென் கோபேன் ஆலையில் செய்யும் பெரிய கண்ணாடித் தகடுகளை லாரியில் படுக்க வைத்துக் கொண்டுபோக மாட்டார்கள். சற்றே சாய்ந்த சட்டத்தில் நிறுத்தி வைத்துத்தான் கொண்டுபோவார்கள். படுக்க வைத்தால் கண்ணாடி தன் எடைக்கே வளையும். வளைந்திருக்கும்போது ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் போதும். விளிம்பில் நிற்கிற கண்ணாடிக்கு அந்த வளைவு கிடையாது. பொருளின் பலம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் பயணமும் இருக்கவேண்டும்.

மேசை உயரம்

உடையும் பொருளை மெத்தென்று ஒன்றில் சுற்றிவிட்டால் போதும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். எங்கள் தொழிலில் பேச்சே வேறு. விழும் பொருளை எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்துகிறோம் என்பதுதான் கணக்கு.

பெட்டிகளைச் சோதிக்க இஸ்டா எனப்படும் பன்னாட்டுப் பாதுகாப்பான பயணச் சங்கத்தின் வழிமுறைகள் இருக்கின்றன. அவற்றில் எளியது 1ஏ. பெட்டியை ஒரு மூலையில் ஒருமுறை, அந்த மூலையில் கூடும் 3 விளிம்புகளில் ஒவ்வொரு முறை, பிறகு 6 முகங்களிலும், ஆக 10 முறை கீழே போடவேண்டும். ஒன்பதரைக் கிலோவுக்குள் இருக்கிற பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போடுகிறோம். அது மேசை உயரம். இடுப்பருகே தூக்கிப் போகிறவர் கை நழுவவிட்டால் பெட்டி விழும் உயரமும் ஏறக்குறைய அதுதான். எடை கூடக்கூட இந்த உயரம் குறையும், ஏனென்றால் கனமான பெட்டியை யாரும் தூக்கிப் போடுவதில்லை. சின்னப் பெட்டிகள்தான் எறியப்படும். கொலு பொம்மைப் பெட்டிகள் பெரும்பாலும் சின்னவைதாம்.

76 சென்டிமீட்டர் விழுகிற பொருள் 2 சென்டிமீட்டருக்குள் நின்றால், சராசரியாகத் தன் எடையைப்போல ஏறக்குறைய 38 மடங்கு விசையை அது தாங்கவேண்டும். 2 கிலோ மண் பொம்மை அந்தக் கணத்தில் 76 கிலோ கனக்கும். அதன் நீட்டிய கை 50 கிராம் என்றால், அந்தக் கை ஏறக்குறைய 2 கிலோவாக மாறி முழங்கையில் தொங்கும். கை ஒடிவதற்கு யாரும் அதைத் தொடக்கூட வேண்டாம், அதன் எடையே ஒடித்துவிடும். 2 சென்டிமீட்டருக்குப் பதில் 4 சென்டிமீட்டரில் நிறுத்தினால் இந்த விசை பாதியாகும்.

ஃபோம் தன் முழுத் தடிமனுக்கும் அமுங்காது. பாதி அமுங்கியதும் இறுக ஆரம்பித்துவிடும். ஆகவே 2 சென்டிமீட்டர் அமுங்கல் வேண்டுமென்றால் குறைந்தது 4 சென்டிமீட்டர் தடிமன் வைக்கவேண்டும். அளவுக்கு மீறி மெத்தாக இருந்தால் பொம்மை அதை ஒரேயடியாக அமுக்கிக்கொண்டு அட்டையில் போய் மோதும். அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் ஃபோம் அமுங்கவே அமுங்காது, அடி அப்படியே உள்ளே போகும். எடைக்கும் பரப்புக்கும் ஏற்ற ஃபோமைத் தேர்ந்தெடுக்கத்தான் எங்களிடம் அட்டவணைகள் இருக்கின்றன.

விழுவது பயணத்தில் ஓரிரு முறை நடக்கலாம், நடக்காமலும் போகலாம். குலுக்கல் நிச்சயம் உண்டு. பட்டை ஸ்பிரிங் வைத்த லாரி நொடிக்கு 2 முதல் 4 முறை மேலும் கீழும் ஆடும். 2 மணி நேரப் பயணம் என்றால் பத்தாயிரம் தடவைக்கு மேல். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளே பொருள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் போதும், வண்ணம் தேயும், மூக்கு நுனி மழுங்கும், பஞ்சும் வைக்கோலும் கீழே படிந்து மேலே இடைவெளி விழும். அந்த இடைவெளி விழுந்த பிறகுதான் பொருள் உண்மையாக ஆட ஆரம்பிக்கிறது.

பொம்மைக்காரத் தெரு

எங்கள் வாசலிலிருந்து நெடுஞ்சாலையில் மேற்கே போய், சுங்குவார்சத்திரம் தாண்டினால் காஞ்சிபுரம். பட்டுக்குப் பேர்போன அந்த ஊரில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. களிமண்ணிலும் காகிதக் கூழிலும் கொலு பொம்மை செய்கிற குடும்பங்கள் அங்கே தலைமுறையாக வாழ்கின்றன. தசாவதாரம், கல்யாண செட், கருட சேவை, செட்டியார் கடை என்று பழைய வரிசைகள் இன்னும் ஓடுகின்றன. 2019-ல் அத்திவரதர் 48 நாள் எழுந்தருளிய பிறகு, சயனக் கோலத்திலும் நின்ற கோலத்திலும் அவரைக் கேட்டு வாங்குகிறவர்கள் ஏராளம். வெயில் காலத்தில் அச்சில் ஒற்றிக் காயவைத்து, தேய்த்து, வண்ணம் பூசி, கண் திறந்து முடித்தவை ஆடி ஆவணியில் வெளியூர்களுக்குக் கிளம்பும். கப்பலேறி அமெரிக்காவுக்குப் போகவேண்டியவை இன்னும் முன்னாலேயே கிளம்பிவிடும்.

கொலுவுக்குப் பொம்மை வாங்கப்போனபோதுதான் அந்தத் தெருவில் ஒரு பெரியவர் பழக்கமானார். ஒருநாள் அவர் முன்னால் திரும்பி வந்த ஒரு கூரியர் பெட்டி கிடந்தது. உள்ளே ஒன்றரை அடி வேணுகோபாலன். புல்லாங்குழல் இரண்டு துண்டு, வலது கையில் மூன்று விரல் இல்லை.

"பொட்டியப் பாரும்மா. ஒரு நசுங்கல் இருக்கா? வெளியில அடிபடல. உள்ளுக்குள்ள ஆடி ஆடியே ஒடஞ்சிருக்கு" என்றார்.

பெட்டியை வாங்கிக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினேன். உள்ளே ஏதோ நகரும் சத்தம். அடியில் வைக்கோல் இறுகிப் படிந்திருந்தது, மேலே நாலு விரல் அகலத்துக்கு வெற்றிடம். சோதனைக்கூடத்தில் எந்திரம் வைத்துக் கண்டுபிடிப்பதை அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். அப்படி உடைந்து வருவதற்கெல்லாம் பணம் திருப்பிக் கொடுப்பது அவர்தான். கூரியர் நிறுவனம் 'உடையும் பொருள், எங்கள் பொறுப்பில்லை' என்று ரசீதின் பின்பக்கத்திலேயே அச்சடித்து வைத்திருந்தது.

"நீதான் கார் லைட்டுக்குப் பொட்டி செய்யறேன்னு சொன்னியே. நம்ம கிருஷ்ணனுக்கு ஒண்ணு செஞ்சு குடேன்" என்றார்.

கிருஷ்ணனுக்கு ஒரு பெட்டி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபோம் துண்டுகள், கத்தி, அளவுகோல் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அதே அச்சில் செய்த இன்னொரு வேணுகோபாலனை எடுத்து வைத்தார். நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஐயா, இதைத் தூக்கும்போது எங்கே பிடிப்பீங்க?"

அவர் யோசிக்கவில்லை. இடது கை பீடத்துக்கு அடியில் போனது. வலது கை பின்பக்கமாக இடுப்பில், பஞ்சகச்சம் மடியும் இடத்தில் அணைத்தது. கட்டைவிரல்கூட முன்பக்கம் வரவில்லை. தோளையோ, குழலையோ, மயிற்பீலியையோ அவர் கை நெருங்கவே இல்லை. ஆயிரக்கணக்கான பொம்மைகளைத் தூக்கிய கை அது. அந்தக் கை போன இடத்தில் ஃபோம் போகவேண்டும். டிசைன் அங்கேயே முடிந்துவிட்டது, மிச்சமெல்லாம் வெட்டும் வேலை.

இந்தப் பொம்மைகள் முன் பாதி, பின் பாதி என்று இரண்டு அச்சில் ஒற்றி ஒட்டப்படுகின்றன. உள்ளே கூடு. அதனால் வயிற்றைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கினால் ஒட்டு விலகும். பீடம் மட்டும் கட்டியாக இருக்கும். இ.பி.இ. என்னும் பாலிஎத்திலீன் ஃபோமில் பீடத்தின் அளவுக்கு 3 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி வெட்டினேன். பிறகு யு வடிவத்தில் ஒரு தட்டு வெட்டி, பொம்மையின் கால்களுக்கு இரு பக்கமும் நுழைத்து, பீடத்தின் மேல்விளிம்பில் உட்கார வைத்தேன். இந்தத் தட்டுதான் முக்கியம். பெட்டி தலைகீழாக விழுந்தால் பொம்மை தலையில் போய் நிற்கப் பார்க்கும். அப்போது யு தட்டு பீடத்தைப் பிடித்துக்கொள்ளும், கிரீடத்துக்கு வேலை வராது. இடுப்புக்கு இரண்டு பாதியாக ஒரு வளையம், பின்பக்கம் பாதி நெருக்கமாகவும் முன்பக்கம் பாதி சற்றுத் தளர்வாகவும். கைகளுக்கும் குழலுக்கும் முன்னால் மூன்று விரல் இடைவெளி. தலைக்கு மேலும் அதே அளவு. அந்த இடைவெளியில் பஞ்சு அடைக்க அவருடைய மகன் கை நீட்டினார். வேண்டாம் என்று தடுத்தேன். குழலைச் சுற்றிப் பஞ்சு அடைத்தால், விழும்போது பஞ்சு குழலைத் தள்ளும். சும்மா விட்டால் குழல் தன் எடையை மட்டும் தாங்கினால் போதும்.

ஃபோம் நேராக வண்ணத்தில் படக்கூடாது. படுகிற இடத்தில் துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணியை வைத்தோம். குமிழி உறையை வண்ணத்தின் மேல் நேராகச் சுற்றி வெயிலில் வைத்தால் வட்ட வட்டமாகத் தடம் விழுந்துவிடும், பிறகு போகாது. செய்தித்தாளின் மை வெளிர் நிறங்களில் ஒட்டும். பழைய பருத்தித் துணிக்கு இந்த இரண்டு குறையும் இல்லை.

இதையெல்லாம் வைத்த பெட்டியை 5 மடிப்பு அட்டையில் செய்த இன்னொரு பெட்டிக்குள், எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் ஃபோம் இருக்கும்படி வைத்தேன். உள்பெட்டி பொம்மையை ஆடாமல் பிடிக்கும், வெளிப்பெட்டியில் இருக்கும் ஃபோம் விழும் வேகத்தை வாங்கிக்கொள்ளும். இரண்டு வேலையையும் ஒரே ஃபோமிடம் கொடுக்கக் கூடாது.

மூடி ஒட்டி, ஆட்டிப் பார்த்தோம். சத்தமில்லை. பெரியவர் தாமே வாங்கி இன்னும் பலமாக ஆட்டினார். பிறகு மேசை மேலிருந்து 10 முறை கீழே போட்டேன். மூலை, விளிம்பு, முகம், தலைகீழ் எல்லாம். ஒவ்வொரு சத்தத்துக்கும் வீட்டுப் பெண்கள் முகம் சுளித்தார்கள். திறந்தபோது பெரியவர் முதலில் குழலைப் பார்க்கவில்லை. பீடத்தைத் தொட்டு, நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். நகரவில்லை. அதற்குப் பிறகுதான் விரல்களை எண்ணினார்.

சின்னப் படை

இந்த வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரகடத்தில் வேலை பார்க்கும் ஓர் இளம் இன்ஜினியர் என்னைத் தேடி வந்தார். "அக்கா, என்னோட ஆர்மிக்கு ஒரு பெட்டி வேணும்" என்றார். அவர் கொண்டுவந்தது மேசைப் போர் விளையாட்டுக்கான வீரர்கள். இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983-ல் வார்ஹாமர் விளையாட்டைக் கொண்டுவந்தது. உலகம் முழுக்க ஆட்கள் இந்தச் சிறு உருவங்களை வாங்கி, ஒட்டி, மெல்லிய தூரிகையால் மாதக்கணக்கில் வண்ணம் தீட்டி, ஊர் விட்டு ஊர் கொண்டுபோய் ஆடுகிறார்கள். கட்டைவிரல் உயர வீரனின் கையில் குண்டூசி கனத்துக்கு ஈட்டி. எங்கள் செட்டியார் கடையில் இருக்கும் தராசுத் தட்டும் அந்த ஈட்டியும் ஒரே சாதி.

அவர் ஃபோம் டிரேயில்தான் வைத்திருந்தார். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு குழி. ஆனால் குழியில் வீரன் படுத்திருந்தான். ஈட்டி நுனி ஃபோமில் குத்தி நின்றது. வெளியே எடுக்கும்போது ஃபோம் ஈட்டியைப் பிடித்துக்கொள்ளும், கை உடம்பை இழுக்கும். பயணத்தில் உடையாதது எடுக்கும்போது உடையும். இங்கேயும் பலமான இடம் பீடம்தான். 5 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு நியோடைமியம் காந்தத்தைப் பீடத்தின் அடியில் ஒட்டி, இரும்புத் தகடு பதித்த தட்டில் நிறுத்திவிட்டால், வீரனைப் பீடத்தைத் தவிர வேறெதுவும் தொடாது. எடையைப் பார்த்துக் காந்தம் போடவேண்டும். 20 கிராம் வீரன் 38 மடங்கில் 760 கிராம் இழுப்பான். காந்தம் அதற்கு மேல் பிடிக்கவேண்டும், தட்டு இருக்கும் பெட்டிக்கு வெளியே ஃபோமும் வேண்டும். வார்ப்பு உலோகத்தில் செய்த கனத்த வீரர்களுக்கு ஒரு காந்தம் போதாது.

அவருக்கு நான் சொன்ன இன்னொன்று, தொழிற்சாலை வாசலில் நிறுத்தும் காருக்குள் இந்தப் பெட்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தொடும். பிசினில் வார்த்த உருவங்களை வெந்நீரில் நனைத்துத்தான் வளைவை நிமிர்த்துகிறார்கள். அதே சூடு நிமிர்ந்ததை வளைக்கவும் செய்யும்.

அவர் படைக்குப் போட்ட காந்தத்தைப் பொம்மைக்காரத் தெருவுக்கும் எடுத்துப்போனேன். கிரிக்கெட் செட்டு போன்ற, காகிதக் கூழில் செய்த கைக்கடக்கமான பொம்மைகளுக்கு அது அழகாகப் பொருந்துகிறது. ஒரு தட்டில் இரண்டு அணியும் நடுவரும் நின்றபடியே பயணம் போகிறார்கள். எடுத்துக் கொலுப்படியில் வைத்தாலும் சாய்வதில்லை.

பரணில் பதினோரு மாதம்

பயணம் சில நாள். கொலு முடிந்த பொம்மைக்குப் பெட்டிக்குள் பதினோரு மாதத்துக்கு மேல் வாசம். பயணத்தில் உடைவதைவிட வீட்டில் கெடுவதுதான் அதிகம் என்று பொம்மைக்காரர்கள் சொல்வார்கள். நான் பார்த்ததும் அதுதான்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாளே எல்லாவற்றையும் கட்டி ஏற்றிவிடுவது வழக்கம். சென்னைப் பக்கம் அது வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும் நேரம். காற்றில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிவிட்டால், அந்த ஈரம் ஐப்பசி கார்த்திகை முழுக்க உள்ளேயே இருக்கும். காகிதக் கூழ் ஈரத்தில் உப்பும், பங்குனியில் சுருங்கும், மேலிருக்கும் வண்ணம் அதோடு போக மாட்டாமல் வெடிக்கும். கொண்டபள்ளி மரப் பொம்மைக்கும் இதே கதைதான். ஒரு நாள் பொறுத்து, மழை இல்லாத பகலில், மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டுக் கட்டுங்கள். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போடுங்கள். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை அது வாங்கும். வாங்கியபின் சும்மாதான் கிடக்கும், ஆகவே தை மாதத்தில் ஒருமுறை மாற்றுங்கள்.

அந்துருண்டையைப் பொம்மைப் பெட்டியில் போடாதீர்கள். அந்த ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கையும் தெர்மாக்கோலையும் இளக்கிவிடும், வண்ணத்துக்கும் நல்லதல்ல. இராமபாணப் பூச்சிக்குக் காகிதக் கூழும் பசையும் விருந்து, கரையானுக்கும் அப்படியே. நம் பாட்டிமார்கள் வைத்த வசம்பைத் துணியில் முடிந்து வைக்கலாம். அதைவிட முக்கியம், பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் வைத்து, வருஷ நடுவில் ஒருமுறை திறந்து பார்ப்பது.

எங்கே வைப்பது என்பதற்கும் யோசனை வேண்டும். மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் பரண், வீட்டிலேயே அதிகச் சூடான இடம். தரை வெள்ளத்துக்குப் பக்கம். எங்கள் சிப்காட்டுக்கு அருகிலிருக்கும் செம்பரம்பாக்கம் ஏரி 2015 டிசம்பரில் என்ன செய்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சுட்ட மண் பொம்மை வெள்ளத்தில் நனைந்தாலும் உருவம் தங்கும், மறுபடி வண்ணம் பூசலாம். காகிதக் கூழ் கரைந்தால் போனதுதான். உள்சுவர்ப் பக்கம் இருக்கும் அலமாரியின் நடுத்தட்டு, அதுவும் கட்டிலைவிட உயரமாக, எனக்குத் தெரிந்த நல்ல இடம்.

அட்டைப்பெட்டியை அடுக்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டியின் பலத்தில் பெரும்பங்கு அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. மூலைக்கு நேராக மூலை வரும்படி அடுக்கினால் தாங்கும். செங்கல் அடுக்குவதுபோல மாற்றி மாற்றி வைத்தால் மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுவயிற்றில் அமுங்கும். மழைக்கால ஈரத்தில் அட்டை தன் பலத்தில் பாதிவரை இழந்துவிடும், அப்போது அடிப்பெட்டி மெல்ல உட்கார்ந்துவிடும். கனமான மண் பொம்மை அடியில், காகிதக் கூழ் மேலே.

தொழிற்சாலையிலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்த இன்னொரு பழக்கம், ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம். கல்யாண செட்டுக்கு ஒரு தட்டு, அதில் மாப்பிள்ளைக்கு, பெண்ணுக்கு, நாதஸ்வரக்காரருக்குத் தனித்தனிக் குழி. குழி காலியாக இருந்தால் யாரோ விடுபட்டிருக்கிறார் என்று உடனே தெரியும். அடுக்கிய தட்டைப் போனில் படம் பிடித்து, அச்செடுத்து, மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த வருஷம் கட்டுகிறவர் உங்கள் மருமகளாகவோ பேரனாகவோ இருக்கலாம். எப்படி வைப்பது என்று அவர்கள் ஊகிக்க வேண்டியதில்லை. உடைந்த விரலையும் தூக்கிப் போடாதீர்கள். சிறு தாளில் மடித்து அதே குழியில் வையுங்கள். ஒட்டித் தருகிற கைகள் காஞ்சிபுரத்தில் இருக்கின்றன.

இங்கே இருப்பதும் அங்கே வேண்டுவதும்

ஹெட்லேம்ப் டிரேக்களுக்கு டை கட்டிங் போடும்போது நடுவிலிருந்து விழும் இ.பி.இ. துண்டுகள் கிலோ கணக்கில் ஸ்கிராப்புக்குப் போகின்றன. உள்ளங்கை அளவு, இரண்டு உள்ளங்கை அளவு, சுத்தமான புதிய ஃபோம். யு தட்டுக்கும் இடுப்பு வளையத்துக்கும் தேவைப்படுவது சரியாக அந்த அளவுதான். என் கம்பெனியில் அனுமதி வாங்கி அந்தத் துண்டுகளைப் பெரியவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை இதே வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் இதைச் செய்யலாம். வாரத்துக்கு ஒரு மூட்டை போதும், ஒரு தெருவின் பொம்மைகள் முழுசாகப் போய்ச் சேரும்.

ஃபோம் மட்டும் போதாது, அறிவும் போகவேண்டும். 1966-ல் தொடங்கிய இந்தியப் பேக்கேஜிங் கழகத்துக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. கைவினைஞர்களின் பொருள்களை விற்கும் பூம்புகார் நிறுவனம் இருக்கிறது. பொம்மை செய்கிற குடும்பங்களுக்கு மூன்று அளவில் பெட்டியும், ஒரு நாள் பயிற்சியும், கீழே போட்டுப் பார்க்கும் சோதனையும் கொடுப்பது இவர்களுக்குப் பெரிய வேலையில்லை. ஒரு காரின் விளக்குக்கு இவ்வளவு கணக்குப் போடுகிற இந்த வட்டாரம், பக்கத்து ஊர்க் கலைஞனின் ஒரு வருஷ உழைப்புக்கு அதில் ஒரு பங்கைக் கொடுக்கத்தான் வேண்டும். அந்தப் பெட்டியின் விலையைப் பொம்மையின் விலையோடு சேர்த்துச் சொல்லும் தைரியம் பொம்மை செய்கிறவர்களுக்கு வரவேண்டும், கொடுக்கும் மனம் வாங்குகிறவர்களுக்கு வரவேண்டும். விரலுடன் வந்துசேரும் கிருஷ்ணனுக்கும் விரலில்லாமல் வரும் கிருஷ்ணனுக்கும் நடுவில் இருக்கும் செலவு, ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவுகூட இல்லை.

வாங்குகிறவர்கள் இந்தப் புரட்டாசியிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பொம்மையைக் கையில் வாங்குமுன், செய்தவரிடம், "இதை எங்கே பிடிச்சுத் தூக்கணும்?" என்று கேளுங்கள். அவர் கை எங்கே போகிறது என்று பாருங்கள். பெட்டியிலும் அங்கேயே பிடியுங்கள்.